மூன்றாவது வரிசை, நான்காவது கல்

பொங்கல் கழிந்த வாரம் சித்தப்பா வந்திருந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கூடத்துக்குள் வந்தவர், மூன்றாவது வரிசையின் நான்காவது கல்லில் நின்றார். வலது காலால் இரண்டு முறை அழுத்தினார். குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "காப்பிக்குச் சர்க்கரை வேணாம்பா" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு மிதி இன்றுவரை என்னை விடவில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பாவின் குழித்தறி அந்தக் கூடத்தில்தான் இருந்தது. அவருக்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. தறியைப் பிரித்தபின் குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதை இன்னொருவர் கையால் மூட மனம் வரவில்லை. நானே மண் கொட்டினேன், நானே டைல்ஸ் பதித்தேன்.

குழியை நிரப்பும்போது அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். இடித்தேன். கடைசி அடுக்கில் மட்டும் பொழுது சாய்ந்துவிட்டது, கையும் ஓய்ந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். ரசமட்டம் வைத்தால் தரை சரியாகவே காட்டுகிறது. விரிசல் இல்லை, ஆட்டம் இல்லை. ஆனால் நாணயத்தால் தட்டிப் பார்த்தால் மற்ற கற்கள் 'டங்' என்கின்றன, அந்த ஒரு கல் மட்டும் 'டொப்' என்கிறது. வந்தவர்கள் எல்லாரும் நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார்கள். வேறொருவர் வீட்டில் அதே கல்லை மிதித்திருந்தால் எனக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்குமா? என் சோம்பல் எனக்குத் தெரிந்திருப்பதால்தான் காது அங்கேயே போய் நிற்கிறதா?

சிறுவயதில் அப்பாவுக்குக் கோர்வை போட உட்கார்ந்திருக்கிறேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடா என் கையில். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தில் தவறினாலும் அங்கே கண் மாதிரி ஓட்டை விழும். அப்பா அவ்வப்போது கட்டைவிரல் நகத்தால் அந்தச் சேர்க்கையை நீவிப் பார்ப்பார். "நல்லா வந்திருக்காப்பா?" என்று கேட்டால், "அறுத்தா தெரியும்" என்பார். நெய்ய நெய்யச் சேலை முன்னால் உள்ள மரத்தில் சுருண்டுகொண்டே போகும். நெய்தவன் கண்ணுக்குக் கடைசியாக நெய்த சில சாண் மட்டும்தான். தறியிலிருந்து அறுத்து விரித்த பிறகுதான் முழுச் சேலையையும் அவரே முதல்முறையாகப் பார்ப்பார். அப்போதும் முகத்தில் ஒன்றும் தெரியாது. மடித்து எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

மனசு கேட்காமல் ஒரு மாலை கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கோயில். மணற்கல் என்பதால் காற்றிலும் மழையிலும் கரைகிறது. பின்னால் வந்தவர்கள் சிங்கங்களுக்கும் சுவர்களுக்கும் சுதை பூசிக் காப்பாற்றப் பார்த்தார்கள். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் 1931-இல் சுற்றுச் சிற்றாலயங்களில் பூச்சுக்கு அடியில் பல்லவர் ஓவியங்களின் எச்சங்களைக் கண்டுபிடித்தார் என்று எப்போதோ படித்தது அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது. பூசியவர் தன் வேலையைத் தடவிப் பார்த்து, வழவழப்பாக வந்திருக்கிறது என்று நிறைவோடு வீடு திரும்பியிருப்பார். அவர் செய்தது நல்ல வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பூச்சு மூடி வைத்ததால்தான் கொஞ்சமாவது நிறம் மிஞ்சியது என்றும் தோன்றுகிறது. ஓவியத்தின் மேல் பூசிவிட்டாரே என்று பதறவும் செய்கிறது. ஒரே சுவரைப் பார்த்து மூன்றும் தோன்றின.

திரும்பி வரும் வழியில்தான் ஒன்று உறைத்தது. மூன்றாவது வரிசை, நான்காவது கல். குழிக்குள் மிதிபலகை இருந்தது அதற்கு நேர் கீழே.

சித்தப்பாவும் நாற்பது வருடம் நெய்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் இதே தறியில் உட்கார்ந்து சேலையை முடித்துக் கொடுத்தவர். அவர் கல்லைச் சோதிக்கவில்லையோ? கால் தானாக மிதிபலகையைத் தேடியதோ? ஆனால் தறியில் இரண்டு காலும் மாறி மாறி அல்லவா மிதிக்கும்! அவர் வலது காலால் மட்டும்தான் இரண்டு தரமும் அழுத்தினார். இடது முழங்கால் அவருக்கு வலி என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மறுபடி ஒன்றும் பிடிபடவில்லை.

கேட்டுவிடலாம். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். "கல்லு கூடா இருக்குடா" என்று சொன்னால் பெயர்த்து மறுபடி பதிப்பேன். மிதிபலகையைத் தேடினேன் என்று சொன்னால் அந்தக் கல்லை என்ன செய்வேன்? கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கி வந்து சுவரோரம் சாத்தியிருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.