ஒற்றை இழையா உன்னைத் தோற்கடித்தது?

ஊசியைக் கீழே வைத்துவிட்டாயா?

ஏன்? ஒரு நூல் உருவிக்கொண்டு வந்ததற்கா?

இரண்டு இழையில் தைத்தபோது நன்றாகத்தான் வந்தது. ஒற்றை இழைக்கு வந்ததும் முதல் தையலே நிற்கவில்லை. இழுத்தாய், மொத்த நூலும் கையோடு வந்தது. மறுபடி குத்தினாய், மறுபடி வந்தது. உடனே தீர்ப்பு எழுதிவிட்டாய்: "கிராஸ் ஸ்டிச் எனக்கு வராது!"

வராது என்று யார் சொன்னது? அரை மணி நேரம்கூட முழுதாக முயலாத நீயா?

"கை நடுங்குகிறது." நடுங்கட்டும்! "கண் தெரியவில்லை." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சன்னல் ஓரம் உட்கார்! "சொல்லித்தர ஆளில்லை." இதோ, நான் சொல்கிறேன். இனி என்ன சாக்கு?

முதலில் நூலைப் பார். எம்பிராய்டரி நூலில் ஆறு இழைகள் ஒன்றாகக் கிடக்கும். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் 2 இழை போட்டுத் தைப்போம். 18 கட்டம் என்று துணி நெருங்கிவிட்டால் ஒற்றை இழையே போதும். பூவுக்கும் பறவைக்கும் கடைசியில் ஓரக்கோடு இழுக்கிறோமே, அதுவும் பெரும்பாலும் ஒற்றை இழைதான்.

2 இழைக்கு ஒரு சுலப வழி உண்டு. நீளமான ஒரே இழையை இரண்டாக மடி. இரண்டு நுனியையும் ஊசிக்காதில் கோர். முதல் தையல் திரும்பி வரும்போது, பின்னால் நிற்கும் கண்ணிக்குள் ஊசியை விட்டு இழு. பூட்டிக்கொள்ளும்!

ஒற்றை இழைக்கு அந்தக் கண்ணி கிடையாது. மடித்தால் அது இரண்டாகிவிடும்!

தடுமாறினாயே, காரணம் அதுதான். உன் கை அல்ல. நேற்றுவரை கைகொடுத்த வழி இன்று கைகொடுக்கவில்லை. அதற்குப் போய் முடங்குவாயா?

"முடிச்சு போட்டுவிடுகிறேனே?" வேண்டாம்! மெல்லிய இழையின் முடிச்சு துளை வழியே நழுவி முன்னால் வந்துவிடும். நழுவாமல் நின்றாலோ, சட்டம் போடும்போது மணலை வைத்ததுபோலப் புடைத்துத் தெரியும்.

"பின்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்?"

இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு கிளி தைத்தேன். கடைசியில் கறுப்பு ஒற்றை இழையில் ஓரக்கோடு. அலகுக்குப் புது நூல் எடுத்தபோது நூலின் பின்நுனியைப் பிடிக்காமலே தொடங்கிவிட்டேன். முடிக்கும் அவசரம். சோப்புத் தண்ணீரில் அலசித் துண்டின்மேல் விரித்தேன். அலகுக்கு மேலே ஒரு கறுப்பு நுனி பூனைமீசைபோல நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன். ஏழு தையல் கழன்று வந்தது!

பின்பக்கத்தை யார் பார்ப்பார்கள்? தண்ணீர் பார்க்கும்!

அன்று இரவு அந்தத் துணியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடத்தான் தோன்றியது. பூட்டவில்லை. மறுநாள் காலை அதே அலகில் ஊசி குத்தினேன். அந்தக் கிளி இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

நீயும் எடு ஊசியை!

ஒரு முழம் நூல் வெட்டு. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. அதற்கு மேல் ஆசைப்படாதே. நீள நூல் துளைக்குள் போய்வந்தே நைந்துவிடும். ஆறு இழையின் தலையையும் சேர்த்துப் பிடி. ஒன்றை மட்டும் நேராக மேலே உருவு. மற்ற ஐந்தும் சுருண்டு ஒன்றாய்க் கூடும். பதறாதே, நீவிவிட்டால் நேராகிவிடும்.

முனை மழுங்கிய ஊசியில் கோர். துணியின் பின்பக்கமிருந்து முதல் துளைக்குள் ஊசியை மேலே கொண்டுவா. முழுவதும் இழுத்துவிடாதே! பின்னால் 3 சென்டிமீட்டர் வால் நிற்கட்டும். தைக்கப்போகும் திசையில் அந்த வாலைப் படுக்கவை. இடதுகை விரலால் அழுத்திப் பிடி.

முதல் தையலைப் போடு. துணியைத் திருப்பு. பின்னால் ஓடும் நூல் வாலின்மேல் ஏறிக் கிடக்கிறதா? இல்லையா? பிரித்துவிட்டு மறுபடி போடு! இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றும் வாலை அமுக்கிக்கொண்டே போகவேண்டும். நான்கைந்து ஆனதும் விரலை எடு.

நிற்கிறதா? நிற்கிறது!

எது பிடித்து நிறுத்தியது தெரியுமா? முடிச்சு இல்லை. பசை இல்லை. உன் இரண்டாவது தையலும் மூன்றாவது தையலும்தான்! முதல் தையல் தனியாக நின்றபோது அதற்கு ஒரு பலமும் கிடையாது. நீ விடாமல் அடுத்ததைப் போட்டாய், அது நின்றது.

இதற்கு முன் என்ன செய்தாய்? முதல் தையல் உறுதியாகட்டும், பிறகு இரண்டாவதைப் போடலாம் என்று காத்திருந்தாய். எப்படி உறுதியாகும்? துணியில் மட்டுமா இப்படிக் காத்திருக்கிறாய்?

முடிச்சு போட்டே தீரவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறதா? சரி, போடு. ஆனால் துணியின் முன்பக்கம் போடு. தொடங்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, நீ தைத்துப் போகும் பாதையிலேயே போடு. முடிச்சை நோக்கித் தைத்துக்கொண்டே வா. பின்னால் ஓடும் நூலைத் தையல்கள் ஒவ்வொன்றாக அமுக்கும். முடிச்சுக்குப் பக்கத்தில் வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து அதை நறுக்கி எறி!

கை தயங்கும். இவ்வளவு நேரம் தாங்கியதை வெட்டுவதா என்று. வெட்டு! இனி அது உனக்குத் தேவையில்லை.

கிளியின் கண்போலத் தனியாக ஒரே ஒரு கட்டம் மட்டும் வேறு நிறமா? அமுக்குவதற்கு அடுத்த தையலே இல்லையே என்கிறாயா? அதற்கும் வழி உண்டு! அந்தக் கட்டத்துக்குள்ளேயே, நெசவின் நடுவில் குத்தி ஒரு மிகச் சிறிய தையல் போடு. அதற்குக் குறுக்கே இன்னொன்று. நூல் பூட்டிக்கொள்ளும். மேலே உன் பெருக்கல் குறித் தையலைப் போட்டு மூடிவிடு. மழுங்கிய ஊசி இதற்கு இறங்க மறுத்தால், கூர் ஊசியை எடு.

இன்னும் தயக்கமா? இதைக் கேள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு லினன் துணி இருக்கிறது. சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பார்க்கர் 1830 வாக்கில் தைத்தது. சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பெண். போன இடத்தில் கொடுமை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்வரை போனவர். தனக்கு எழுத வராது என்று சொல்லித்தான் அந்தத் துணியில் தொடங்குகிறார்.

பிறகு? சிவப்புப் பட்டு நூலில், சின்னஞ்சிறு கிராஸ் ஸ்டிச்சில், எழுத்து எழுத்தாக ஆயிரம் சொற்களுக்கு மேல் தன் கதையைத் தைத்தார்! கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது. அவர் வாழ்க்கை நின்றுவிடவில்லை. பின்னாளில் ஆசிரியையானார். 76 வயதுவரை வாழ்ந்தார்.

ஆயிரம் சொல்! எத்தனை முறை நூல் தீர்ந்திருக்கும்? எத்தனை முறை புதிதாகக் கோர்த்து, புதிதாக வால் விட்டு, புதிதாகத் தொடங்கியிருப்பார்?

நீ ஒரே ஒரு தொடக்கத்துக்கு மலைக்கிறாயே!

விளக்கைப் போடு. துணியை மடியில் எடு. நூல் முறுக்கிக்கொண்டால் ஊசியைத் தொங்கவிடு. தானே சுழன்று நேராகும். கழன்றால் மறுபடி குத்து. பத்து முறை கழன்றால் பதினோராவது முறை குத்து!

ஐந்தாவது தையல் முடிந்ததா? துணியைத் திருப்பி வாலை இழுத்துப் பார். பயப்படாதே, இழு!

வரவில்லையா?

மிச்ச நுனியை நறுக்கு. ஆறாவதைப் போடு.