பதினோராம் நாள்

உழைப்பவர் நடுவே வாழும் ஒருவன் பத்து நாள் வேலையை விட்டு விலகி, வாய் பேசாது, கண்மூடி அமர்ந்திருப்பது அறமாகுமா, அல்லது நாகரிகமான சோம்பலா? நம் தோட்டத்து நண்பர்கள் இதனை ஏளனமாகவே கேட்கிறார்கள். ஏளனம் கலந்திருப்பினும் கேள்வி நியாயமானதே.

பிரிஞ்சாங்வாசிகளுக்குப் புத்தர் புதியவரல்லர். 1972-ல் கட்டப்பட்ட சாம் போ ஆலயத்தைக் கடந்து போகையில் நம்மவரும் கைகூப்புவதுண்டு. ஆனால் சிலையை வணங்குவது ஒன்று. புத்தர் செய்து பார்க்கச் சொன்னதைச் செய்து பார்ப்பது மற்றொன்று. பின்னதற்கென இதே பகாங் மாநிலத்தில், குவாந்தானை அடுத்த கம்பாங்கில், 'தம்ம மலாயா' என்னும் விபாசனா நிலையம் இருக்கிறது. அங்கே பத்து நாள் தங்கி வந்தவனாதலின் அதன் நடைமுறையைச் சொல்கிறேன்.

காலை 4 மணிக்கு மணி ஒலிக்கும். கொலை, களவு, காமம், பொய், மது ஆகிய ஐந்தையும் விலக்குவதாக உறுதி ஏற்றே உள்ளே அமர வேண்டும். பேச்சும் படிப்பும் எழுத்தும் கூடா; கைப்பேசியை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய பத்து மணி நேரம் அமர்வு. முதலில் மூச்சைக் கவனித்தல். நான்காம் நாள் முதல் உடலில் எழும் உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றிக் கவனித்தல். முழங்கால் வலிக்கும்; அவ்வலி வந்து போவதைப் பார்ப்பதே பாடம். பகல் 11 மணிக்குச் சாப்பாடு. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் தேநீரும். கட்டணம் கிடையாது. முன்பு பயின்றவர்களின் நன்கொடையால் நிலையம் நடக்கிறது. அவர்களிற் சிலரே சமையலையும் தொண்டாகச் செய்கின்றனர்.

ஒருவன் கண்மூட வேண்டுமாயின் இன்னொருவன் அடுப்பருகே நிற்க வேண்டியிருக்கிறது. இதை மறப்பவனுக்குத் தியானமும் செருக்கையே வளர்க்கும். மாலைத் தேநீரைக் கையில் வாங்கும்போதெல்லாம், கொழுந்தெடுத்தவர்களையே நான் எண்ணினேன். அவர்களும் மௌனம் காப்பவர்களே. நிறுவையில் கிலோ குறைந்ததென்று தோன்றினாலும், வேலை போய்விடும், பெர்மிட் போய்விடும் என்று அஞ்சிப் பேசாதிருக்கும் மௌனம் அது. வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்திருப்பவருக்கோ முறையிட மொழியும் துணையில்லை. தானே ஏற்ற மௌனம் மனத்தைத் தெளிவிக்கும். பிறர் சுமத்திய மௌனம் மனிதனைத் தேய்த்துவிடும். இரண்டையும் ஒன்றெனக் கருதி, 'பொறுமையே பெருமை' என்று கூலிக்காரனுக்கு உபதேசிப்பது கொடுமை.

நம் அயோத்திதாசப் பண்டிதர் இதனை நன்குணர்ந்தவர். 1898-ல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பிய அவர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளரிடையேயும் அச்சங்கம் கிளைவிட்டது. வாயடைக்கப்பட்டவர்கள் அந்த மார்க்கத்தின் வழியே பேசத் தொடங்கினர்.

அப்படியாயின் ஏற்ற மௌனத்தால் பயனில்லையா? உண்டு. இப்பயிற்சியை 1969-ல் இந்தியாவுக்குக் கொணர்ந்த கோயங்காவின் ஆசான், பர்மாவின் ஊ பா கின். அவர் துறவியல்லர். கணக்கு அலுவலகத்தில் கிராணியாகச் சேர்ந்து, பர்மா விடுதலை பெற்ற 1948-ல் நாட்டின் தலைமைக் கணக்காயராக உயர்ந்தவர். 1937-ல் அவருக்குத் தியானம் கற்பித்தவரோ ஒரு குடியானவர். தம் அலுவலக ஊழியர்களுக்கும் அவர் அதைப் பயிற்றினார். லஞ்சத்துக்கு இடங்கொடாதவர் என்றும் பெயர் பெற்றார். அவருடைய தியானம் கணக்கேட்டிலும் தெரிந்தது.

பரம்பரை வழக்கம் என்பதற்காகவோ, ஆசான் சொன்னார் என்பதற்காகவோ ஒன்றை ஏற்க வேண்டாம். நன்மை பயக்கிறதா என்று தாமே கண்டு ஏற்க வேண்டும் என்பது காலாமர்களுக்குப் புத்தர் கூறிய அறிவுரை. அப்படிக் காண்பதற்குரிய நாள், மௌனம் கலைந்து வீடு திரும்பும் பதினோராம் நாளே. மீண்டும் பிரட்டுக் களத்தில் நிற்கும்போது, ஏசுகிறவனுக்கு எதிரே சினமும் அச்சமுமின்றி உண்மையைச் சொல்ல முடிகிறதா? நிறுத்ததை நிறுத்தபடியே ஏட்டில் எழுதக் கை துணிகிறதா? ஆம் எனில் அந்தப் பத்து நாளும் உழைப்பே. சோம்பலென்று எவரும் சொல்ல முடியாது. இல்லையெனில் அவன் பெற்றது நல்லதோர் ஓய்வு. அதற்கு அறம் என்ற பெயர் வேண்டாம்.