நரேந்திரரின் தம்பூரா

‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லைச் சற்று நிதானமாக உச்சரித்துப் பார்த்தால், அதில் ஒரு சோர்வு மறைந்திருப்பது தெரியும். சுமக்க முடியாத ஒரு பாரத்தை எங்கேனும் இறக்கி வைப்பதுபோல, நேரத்தை எப்படியாவது போக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அச்சொல்லில் உள்ளது. ஆயுள் என்பதே பொழுதுகளால் ஆனது. பொழுதைப் போக்குகிறவன் எதைப் போக்குகிறான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் இளமையில் மனம் நாடும் எல்லாவற்றையும் வீண் என்று தள்ளிவிட முடியாது. மகன் பாட்டிலோ விளையாட்டிலோ ஓவியத்திலோ மனத்தைச் செலுத்தினால், படிப்பு கெட்டுவிடுமே என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அதே இளைஞனுக்கு ஆன்மிக நாட்டம் பிறந்துவிட்டாலோ, இப்போது அச்சம் அவனையே பிடித்துக்கொள்கிறது. ‘இறைவனை நாட வேண்டுமானால் எனக்குப் பிடித்த இவற்றையெல்லாம் துறந்துவிட வேண்டுமா?’ என்று அவன் தவிக்கிறான். அந்தத் தவிப்பு விளையாட்டானதன்று. இதற்குச் சரியான பதில் கிடைக்காமல், பாட்டையும் இழந்து பக்தியையும் அடையாமல் நின்றுவிட்டவர்கள் உண்டு.

கல்கத்தாவின் சிமுலியா பகுதியில் 1863 ஜனவரி 12 அன்று பிறந்து, பின்னாளில் உலகம் சுவாமி விவேகானந்தர் என்று போற்றிய நரேந்திரரின் இளமைப் பருவத்தில் இக்கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது.

அவருக்கு இருந்த ஈடுபாடுகளைக் கேட்டால் இன்றைய பெற்றோர் மலைத்துப் போவார்கள். சிறுவயதில் ஆடு, குரங்கு, மயில், புறா, கினிப்பன்றி என்று வீடு நிறைய உயிரினங்கள். வீட்டுக் குதிரை வண்டியை ஓட்டியவர் அவருடைய உற்ற நண்பர். பெரியவனானால் தானும் வண்டியோட்டியாக வேண்டும் என்பதே அப்போதைய இலட்சியம்! சற்று வளர்ந்ததும் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே நாடகம் போட்டார். சிலம்பம், மற்போர், குத்துச்சண்டை, படகோட்டுதல் ஆகியவற்றையும் பழகினார். குத்துச்சண்டைப் போட்டி ஒன்றில் முதல் பரிசாக வெள்ளியாலான வண்ணத்துப்பூச்சி ஒன்றையும் வென்றார். 1877-ஆம் ஆண்டில் குடும்பம் ராய்ப்பூருக்குச் சென்றது. அங்கே சேர்வதற்குத் தக்க பள்ளி அப்போது இல்லாததால் தந்தையே ஆசிரியரானார்; சமையற்கலையையும் சதுரங்கத்தையும் நரேந்திரர் அக்காலத்தில் கற்றார். நுழைவுத் தேர்வுக்கு இரண்டு மூன்று நாட்களே இருக்கும்போது தமக்கு வடிவியல் ஏறத்தாழ ஒன்றுமே தெரியாது என்பதை உணர்ந்து, இரவெல்லாம் விழித்திருந்து, இருபத்து நான்கு மணி நேரத்தில் நான்கு பாகங்களையும் கற்று முடித்ததாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். (கடைசி நாட்களில் படித்தால் போதும் என்பதற்கு இதை மேற்கோள் காட்டும் மாணவர்கள், எஞ்சிய நாட்களில் அவர் மனத்தை எவ்வாறு பழக்கியிருந்தார் என்பதையும் சேர்த்துக் கொள்வது நல்லது.)

இவ்வளவு ஈடுபாடுகள் இருந்தும் அவர் சிதறிப் போகவில்லை. எதைச் செய்தாலும் அதில் முழு மனத்தையும் வைத்தார் என்பது ஒரு காரணம். அழைப்பு வந்தபோது அதிலிருந்து முழு மனத்தையும் மீட்டுக்கொள்ள அவரால் முடிந்தது என்பது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது ஆற்றலைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

உடற்பயிற்சிக் கூடத்து நிகழ்ச்சி ஒன்று இதைக் காட்டுகிறது. நவகோபால் மித்திரரின் உடற்பயிற்சிக் கூடத்திற்கு நரேந்திரரும் நண்பர்களும் செல்வது வழக்கம். ஒருநாள் கனமான ஊஞ்சற்கம்பத்தை நிறுத்த அவர்கள் முயன்றுகொண்டிருந்தபோது, வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து ஆங்கில மாலுமி ஒருவரை உதவிக்கு அழைத்தனர். கம்பம் சரிந்து விழுந்து மாலுமியைத் தாக்கியது. அவர் நினைவிழந்து வீழ்ந்தார். இறந்துவிட்டார் என்று எண்ணிக் கூட்டம் ஓடி மறைந்தது. நரேந்திரரும் ஓரிரு நண்பர்களும் மட்டுமே நின்றனர். அவர் தமது வேட்டியைக் கிழித்துக் காயத்தைக் கட்டி, முகத்தில் நீர் தெளித்து, விசிறினார். நினைவு திரும்பியதும் அருகிலிருந்த பள்ளிக்கூடத்திற்கு மாலுமியைத் தூக்கிச் சென்று, மருத்துவரை வரவழைத்து, ஒரு வார காலம் பணிவிடை செய்தார். மாலுமி விடைபெறும்போது, அக்கம்பக்கத்தில் திரட்டிய சிறு தொகையொன்றையும் அவரிடம் அளித்தார். நரேந்திரர் அப்போது இளம் பையன். ஒரு கணத்திற்கு முன்புவரை ஊஞ்சற்கம்பமே அவருக்கு உலகமாக இருந்தது. அடுத்த கணத்தில் அடிபட்ட மனிதரே உலகமானார். நடுவில் தடுமாற்றம் இல்லை.

தமது கல்வியை மீண்டும் தொடங்க நேர்ந்தால் செய்திகளைச் சேர்ப்பதைவிட, மனத்தைக் குவிக்கும் ஆற்றலையும் விலக்கிக்கொள்ளும் ஆற்றலையுமே முதலில் வளர்த்துக்கொள்வேன் என்று சுவாமிஜி அமெரிக்கச் சொற்பொழிவு ஒன்றில் கூறியது இந்தச் சிறுவனை நினைத்தால் நன்கு விளங்கும். கைப்பேசித் திரையில் இரவு வெகுநேரம் ஆழ்ந்து கிடப்பவனிடமும் ஒருவகைக் குவிதல் இருக்கத்தான் செய்கிறது. தாய் அழைக்கும் குரல் கேட்டதும் அவன் எழுந்துவிடுகிறானா என்பதைக் கவனித்தால், மனம் அவன் கையில் இருக்கிறதா, அவன் அதன் கையில் இருக்கிறானா என்பது தெரிந்துவிடும்.

நரேந்திரரின் ஈடுபாடுகள் அனைத்திலும் ஆழமானது இசை. தந்தை விசுவநாத தத்தர் இசை விரும்பி; மகனை முறையாகக் கற்க வைத்தார். பேணி உஸ்தாத் என்று அழைக்கப்பட்ட பேணி குப்தர் முதலிய ஆசிரியர்களிடம் நரேந்திரர் சில ஆண்டுகள் பயின்றார். வாய்ப்பாட்டோடு பக்வாஜ், தபலா, எஸ்ராஜ் முதலிய கருவிகளையும் கற்றார். ஸ்ரீராமகிருஷ்ணரிடம் அவரைக் கொண்டு சேர்த்ததும் இந்த இசைதான். 1881 நவம்பரில் சுரேந்திரநாத மித்திரரின் இல்லத்திற்குக் குருதேவர் வந்திருந்தார். பாடுவதற்கு நல்ல பாடகர் கிடைக்காததால் அண்டை வீட்டு இளைஞரான நரேந்திரரை சுரேந்திரர் அழைத்து வந்தார். தத்துவ விவாதத்திற்காக அல்ல, பாடுவதற்காகவே நரேந்திரர் அங்கு வந்தார். பின்னர் தட்சிணேசுவரத்திற்குச் சென்றபோதும் குருதேவர் அவரை முதலில் பாடவே சொன்னார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘பாட்டை விட்டுவிட்டுத் தியானம் செய்’ என்று குருதேவர் ஒருமுறைகூடக் கூறவில்லை. அவருடைய இளமையும் கலையில் தோய்ந்ததுதான். கணக்குப் பாடம் கசந்த அச்சிறுவருக்குக் களிமண்ணில் தெய்வ உருவங்கள் செய்வதும், ஓவியம் தீட்டுவதும், நாடகத்தில் நடிப்பதும் இனித்தன. காமார்புகூரில் ஒரு சிவராத்திரியன்று சிவபெருமான் வேடம் பூண்டு மேடையேறியவர், நடிப்பை மறந்து சிவ சிந்தனையில் கரைந்து நின்றுவிட்டார். மனத்தின் வேகங்களை வேரோடு பிடுங்க முடியாது, அவற்றை இறைவனை நோக்கித் திருப்பிவிட வேண்டும் என்று அவர் அடிக்கடி போதித்தது இத்தகைய அனுபவத்திலிருந்து பிறந்ததே. மனத்தை நிலைநிறுத்தும் வழிகளை வரிசையாகக் கூறிவரும் பதஞ்சலி முனிவரும் அவ்வரிசையின் இறுதியில், தனக்கு விருப்பமானதையே தியானித்தும் ஒருவன் மனத்தை நிலைபெறச் செய்யலாம் என்கிறார். தீயதை அன்று, நல்லதாகவும் தனக்கு உகந்ததாகவும் உள்ள எதையும் என்று சுவாமிஜி அதற்கு விளக்கம் தருகிறார்.

ராம்தனு போஸ் சந்தில் பாட்டியின் வீட்டில் நரேந்திரருக்கு ஒரு சிறு அறை இருந்தது. அவர் படித்ததும் பாடியதும் அங்கேதான். ஒரு கட்டில், அழுக்கேறிய தலையணை, கிழிந்த பாய், புத்தகங்கள், ஒரு தம்பூரா. சில நாட்களாக நரேந்திரர் வராததால் ஏங்கிய குருதேவர் ஒருநாள் தாமே அங்கு வந்துவிட்டார். கொண்டுவந்த இனிப்பைத் தம் கையால் ஊட்டினார். பிறகு பாடச் சொன்னார். நரேந்திரர் தம்பூராவைச் சுருதி கூட்டிப் பாடத் தொடங்கியதும் குருதேவர் சமாதியில் ஆழ்ந்தார். அங்கிருந்த நண்பர்கள் என்னவோ நேர்ந்துவிட்டது என்று பதறினர்.

ஆனால் அந்தப் பாட்டு இன்னும் சோதிக்கப்படவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளையின் குரல் அது.

1884 பிப்ரவரியில் ஓரிரவு, நண்பர்களின் அழைப்பை ஏற்று வராகநகரில் பாடிவிட்டு, படுத்தபடி அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நள்ளிரவு கடந்து ஒருவர் ஓடிவந்து தந்தை காலமான செய்தியைச் சொன்னார். தந்தை விட்டுச் சென்றது கடன் என்பது பிறகுதான் தெரிந்தது. உறவினர் வழக்குத் தொடுத்தனர். தாய் புவனேசுவரியும் தம்பி தங்கையரும் பசித்திருக்க, நரேந்திரர் வேலை தேடிக் கால்களில் செருப்பின்றி வெயிலில் அலைந்தார். வீட்டில் உணவு போதாது என்று கண்ட நாட்களில், நண்பர் வீட்டில் விருந்து இருப்பதாகச் சொல்லி வெளியேறிவிடுவார். அப்படி அலைந்த ஒருநாள் மைதானத்தில் பெரிய நினைவுத்தூணின் நிழலில் அமர்ந்தார். ஆறுதல் கூற வந்த நண்பர் ஒருவர் இறைவனின் எல்லையற்ற கருணையைப் பற்றிய பாடலொன்றைப் பாடினார். நரேந்திரரால் அதைத் தாங்க முடியவில்லை. பசி என்றால் என்னவென்று அறியாமல் விசிறியின் கீழே சுகமாகச் சாய்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கற்பனை இனிக்கலாம் என்று வெடித்து, நிறுத்தச் சொல்லிவிட்டார். நண்பர் மனம் புண்பட்டார்.

எந்த வரலாற்று நூலிலும் இப்பகுதியை விரைந்து கடந்துவிடக் கூடாது. எவருடைய பாட்டைக் கேட்டுக் குருதேவர் சமாதியில் ஆழ்ந்தாரோ, அவருக்கே பாட்டு பொய்யாகிவிட்ட நேரம் அது. மனத்திற்கு உகந்தது என்பதற்காக மட்டும் நாம் ஒன்றைப் பற்றியிருந்தால், மனம் நொறுங்கும்போது அதுவும் உடன் நொறுங்கும்.

குடும்பத் துயரைத் தீர்க்குமாறு அன்னை காளியிடம் வேண்டும்படி நரேந்திரர் குருதேவரைக் கெஞ்சினார். நீயே சென்று கேள் என்றார் குருதேவர். பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, உருவ வழிபாட்டை ஏற்காதிருந்த நரேந்திரர் அன்றிரவு மூன்று முறை கோயிலுக்குள் சென்றார். மூன்று முறையும் விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி ஆகியவற்றையே வேண்டினார். பொருளைக் கேட்க நாவெழவில்லை. வீட்டாருக்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவிராது என்று குருதேவர் இறுதியில் வாக்களித்தார். அதன்பின் நரேந்திரர் கேட்டது என்ன தெரியுமா? அன்னையைப் பற்றிய பாடல் ஒன்றைக் கற்றுத்தாருங்கள் என்றார்! குருதேவர் கற்பித்த அப்பாடலை இரவு முழுவதும் பாடினார். மறுநாள் பகலில் வந்த பக்தர் வைகுண்டநாத சான்யால், நரேந்திரர் தாழ்வாரத்தில் உறங்குவதையும், ‘நரேன் அன்னையை ஏற்றுக்கொண்டுவிட்டான்’ என்று குருதேவர் குழந்தைபோல் மகிழ்வதையும் கண்டார்.

உஸ்தாதிடம் பயின்ற குரலும் சுருதி ஞானமும் பழையனவே. பாடியவர் மட்டும் மாறியிருந்தார்.

1886-இல் குருதேவர் மறைந்தபின் வராகநகர் மடத்தின் வறுமையிலும் தம்பூராவுக்கு இடமிருந்தது. 1887-இல், வைஷ்ணவ சரண் பசாக் என்பவருடன் சேர்ந்து நரேந்திரர் தொகுத்த ‘சங்கீத கல்பதரு’ என்ற வங்காளப் பாடல் திரட்டு வெளிவந்தது. பின்னர் பரிவிராஜகராகச் சுற்றிய காலத்தில், கேத்ரி மன்னர் அஜித் சிங் ஏற்பாடு செய்த இசை நிகழ்ச்சியில் நாட்டியப் பெண் ஒருத்தி பாட வந்தாள். துறவிக்கு இது தகாது என்று சுவாமிஜி எழுந்து சென்றார். வேதனையுற்ற அப்பெண், இறைவன் நல்லோர் தீயோர் என்று வேறுபாடு பார்ப்பதில்லை என்னும் பொருளுடைய சூர்தாசர் பாடலைப் பாடினாள். அந்தப் பாட்டு அவரைத் திரும்பி வரச் செய்தது. வாழ்நாளெல்லாம் பாடிப் பழகிய காது அன்று தன் பாடத்தை ஓர் எளிய பெண்ணிடம் கேட்டுக்கொண்டது.

மற்ற ஈடுபாடுகளும் அவரைவிட்டுப் போகவில்லை. 1897-இல் சென்னை இளைஞர்களிடம், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவதால் சொர்க்கத்தை இன்னும் நெருங்கலாம் என்று அவர் கூறியது பலரைத் திடுக்கிட வைத்தது. தசைகளில் வலிமை ஏறினால் கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்பது அவர் கருத்து. மேலைநாட்டுச் சீடர்களுக்குத் தம் கையால் காரமாகச் சமைத்துப் போட்டார். இறுதி ஆண்டுகளில் பேலூர் மடத்தில் வாத்துகள், ஆடுகள், பசுக்கள் எனச் சிறுவயது வீடே திரும்பி வந்தது. கழுத்தில் சலங்கை கட்டிய ‘மட்ரு’ என்னும் ஆட்டுக்குட்டியோடு அவர் ஓடி விளையாடுவார். ‘பாகா’ என்ற நாய் ஏதோ குறும்பு செய்ததற்காகக் கங்கையின் அக்கரைக்குக் கடத்தப்பட்டும், அன்று மாலையே படகேறி மடத்திற்குத் திரும்பிவிட்டது. அதை இனி யாரும் விரட்டக் கூடாது என்று கூறிவிட்டார்.

1902 ஜூலை 4-ஆம் நாள் காலையில் பேலூர் மடத்துக் கோயிலின் கதவுகளையும் சன்னல்களையும் சாத்திக்கொண்டு சுமார் மூன்று மணி நேரம் தியானத்தில் இருந்தார். அது முடிந்ததும் காளியன்னையைப் பற்றிய பாடல் ஒன்று அவர் குரலில் எழுந்தது. மடத்தில் இருந்தவர்கள் கேட்டனர். அன்றிரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் அவர் உடலை நீத்தார்.