கை கேட்டதா, கண் கேட்டதா?



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். கிட்டார் வாசிக்கிற வாலிபத் தம்பிமாருக்கும், அவர்களைப் பெற்ற தாய் தகப்பன்மாருக்கும், காணிக்கைக் கணக்கு எழுதுகிற மூப்பர்களுக்கும் இது பொதுவான கேள்வி. நல்லா இருக்கிற ஒரு கிட்டார் கையில் இருக்கும்போதே அதைவிட உயர்ந்த ஒன்றுக்கு ஆசைப்படலாமா? இருப்பதைப் பிரித்து பிக்கப் மாற்றுவது, சாவி மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, பெயர் பொறிப்பது, இதெல்லாம் வீண்செலவா? அல்லது தேவனுடைய காரியத்தில் வைராக்கியமா?

"பாவம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். "கர்த்தருக்குத்தானே செய்றோம், பரவாயில்லை" என்பது அதைவிடச் சுலபம். இந்த இரண்டு பதிலையும் வேதம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரே வேலை, இரண்டு தீர்ப்பு

கர்த்தரைத் துதிப்பதற்காக தாவீது கீதவாத்தியங்களைச் செய்வித்ததை 1 நாளாகமம் 23-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எத்தனையோ தலைமுறைக்குப் பின், எசேக்கியா ராஜாவின் நாளில், லேவியர் அதே தாவீதின் வாத்தியங்களோடு ஆலயத்தில் நின்றார்கள். அதில் ஒரு குற்றமும் சொல்லப்படவில்லை. ஆனால் ஆமோஸ் 6-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். தாவீதைப் போலத் தங்களுக்கென்று வாத்தியங்களை உண்டாக்கிக்கொண்டவர்களைப் பார்த்துத் தீர்க்கதரிசி ஐயோ என்கிறார். அதே வேலைதானே! அங்கே ஆசீர்வாதம், இங்கே ஏன் ஐயோ?

அடுத்த வசனம் காரணத்தைச் சொல்லுகிறது. யோசேப்பின் ஜனத்துக்கு வந்த கேட்டைக் குறித்து அவர்களுக்கு மனம் நோகவில்லை. வாத்தியத்தின் ஓசைக்குக் காது திறந்திருந்தது, பக்கத்து வீட்டு அழுகைக்கு அடைபட்டிருந்தது. தேவன் பார்த்த வித்தியாசம் இதுதான். அப்படியானால் நாம் கிட்டாரின் விலைச்சீட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வாங்கச் சொன்னது எது, வாங்கினபின் நம் காது என்னவாயிற்று என்று பார்க்கவேண்டும்.

கை கேட்டால் கொடுங்கள்

"எம் மவனுக்கு கை வரலைங்கய்யா, ரெண்டு வாரத்துல விட்டுட்டான்" என்று சொல்லுகிற தாய்மார் உண்டு. அந்தப் பிள்ளையைக் குறை சொல்லுமுன் கிட்டாரைப் பாருங்கள். விலை குறைந்த கிட்டார்களில் பல, கம்பி மிக உயரமாக நிற்கும்படி வருகின்றன. அதை அழுத்த பெரிய ஆளுக்கே விரல் நோகும். பத்து வயதுப் பிள்ளைக்குக் கொப்புளம் போடும். பிரிட்ஜில் கம்பியைத் தாங்குகிற சிறு வெள்ளைக் கட்டையைக் கொஞ்சம் தேய்த்து, கழுத்துக்குள் இருக்கிற இரும்புக் கம்பியைத் தெரிந்தவர் கையால் சரியாக முறுக்கி, புதுக் கம்பி போட்டால் போதும். சில நூறு ரூபாய் வேலை. அதே கிட்டார் வேறு கிட்டார் ஆகிவிடும். அந்தச் செலவை மறுப்பது சிக்கனம் ஆகாது. தாலந்து இல்லை என்று ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்ளும்படி விட்டுவிடுகிறோம். அதுதான் பெரிய நஷ்டம்.

மாண்டலின் ஸ்ரீனிவாஸை உங்களுக்குத் தெரியும். 2014-ல் தமது 45-ஆம் வயதில் சென்னையில் காலமானவர். மாண்டலின் என்பது எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கும். ஜோடிக் கம்பியை ஒன்றுபோல அசைத்துக் கர்நாடக இசையின் கமகத்தை வாசிப்பது மிகவும் கஷ்டம். ஆகவே எலெக்ட்ரிக் மாண்டலினில் ஒற்றைக் கம்பிகளாக வைத்துக்கொண்டார். கீழ்ஸ்தாயிக்காக ஐந்தாவது கம்பியும் சேர்த்தார். பார்ப்பவர் வியக்கவேண்டும் என்று செய்த மாற்றமா இது? வாசித்து வாசித்து, விரல் ஒரு சுவரில் போய் முட்டி நின்ற இடத்தில் கதவு திறந்துகொண்டார். கை கேட்டது, அவர் கொடுத்தார்.

இன்னொரு சாட்சி இங்கிலாந்திலிருந்து. பிரையன் மே என்ற பள்ளிக்கூடத்துப் பையனுக்கு நல்ல எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வசதியில்லை. 1963-ல் அவரும் தகப்பனாரும் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். குளிர்காயும் அடுப்பின்மேல் இருந்த பழைய மரச்சட்டம் கழுத்தானது. பழைய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கும், அம்மாவின் முத்துச்சிப்பிப் பொத்தானும் அதில் சேர்ந்தன. இரண்டு வருஷ உழைப்பு. பிற்பாடு அவர் சேர்ந்த இசைக்குழு உலகப் பிரசித்தி பெற்றது. அந்தப் பாட்டுகளைப் பற்றி இங்கே பேச்சில்லை. கோடிகள் வந்தபின்பும், தகப்பனோடு செய்த அந்தக் கிட்டாரே அவருக்கு முக்கிய வாத்தியமாக இருந்துவருகிறது என்பதைக் கவனியுங்கள்.

நம்ம ஆவுடையார்கோவிலுக்குக் கல்வேலை பார்க்க எங்கெங்கோ இருந்து ஜனங்கள் வருகிறார்கள். கருங்கல்லை மரச்சட்டம் போல மெலிதாக்கி, ஆணி அடித்தது போலவும் செதுக்கிய கொடுங்கையை அண்ணாந்து பார்த்து நிற்கிறார்கள். அந்த உளி என்ன விலை என்று யாராவது கேட்கிறார்களா? ஆனால் மழுங்கின உளியால் அந்த வேலை நடந்திருக்காது. சிற்பிக்கு உளியைத் தீட்டத் தெரியும், தீட்ட வேண்டிய நேரமும் தெரியும். உளிக்குத் தங்கப் பிடி போடுவது வேறு, தீட்டுவது வேறு.

கண் கேட்டால் பொறுங்கள்

கோலியாத்துக்கு முன் போக நின்ற தாவீதுக்கு சவுல் ராஜா தம்முடைய கவசத்தையே போட்டுவிட்டார். தேசத்திலேயே உயர்ந்த ரகம்! தாவீது அதைக் கழற்றி வைத்துவிட்டான். அது கெட்ட கவசம் என்று சொல்லவில்லை, தனக்கு அதில் பழக்கமில்லை என்றான். பின்பு ஆற்றில் கல் பொறுக்கினபோதும் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடவில்லை. வழவழப்பான ஐந்து கல்லைத் தெரிந்தெடுத்தான். கருவி விஷயத்தில் அவனுக்கு மிகுந்த கவனம் இருந்தது. பிற்காலத்தில் கோலியாத்தின் பட்டயம் அவன் கைக்கு வந்தபோது, அதற்கு நிகரில்லை என்று ஆசையோடு வாங்கிக்கொண்டான். அதற்குள் பட்டயம் பிடிக்கிற கை அவனுக்கு வந்திருந்தது.

இன்றைக்கு செல்போனைத் திறந்தால் கண்ணுக்கு விருந்து. ஒருவர் கிட்டாரைக் காட்டுகிறார், தவணையில் தருகிறோம் என்கிறார் இன்னொருவர். இன்னும் நாலு கார்டு உருப்படியாகப் பிடிக்க வராத தம்பிக்கு, "அந்த பிக்கப் போட்டா எனக்கும் அந்த சவுண்டு வரும்" என்று தோன்றிவிடுகிறது. பிக்கப் என்பது என்ன? ஒரு காந்தம், அதைச் சுற்றி முடி போன்ற செப்புக் கம்பி. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் அந்தச் சுற்றில் சிறு மின்சாரம் உண்டாகும். அது சுற்றிலும் இருக்கிற கரண்ட் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். 1955-ல் கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் இரண்டு சுற்றுகளை ஒன்றுக்கொன்று எதிராக அமைத்து, இரைச்சலை இரைச்சலே அழிக்கும்படி செய்தார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் சபைக் கட்டடத்தில் எர்த் சரியில்லாவிட்டால் எந்த பிக்கப் போட்டாலும் ஸ்பீக்கர் இரையத்தான் செய்யும், ஷாக்கும் அடிக்கும். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குறை கிட்டாரில் இல்லாதபோது கிட்டாரை மாற்றி என்ன பிரயோஜனம்?

அதேபோல் மீமிசல் பக்கத்துக் கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். தகரக் கொட்டகையில் மத்தியான வெயிலில் விட்டுவிட்டால் பசை இளகி பிரிட்ஜ் தூக்கும். உள்ளதைப் பேணாதவன் கையில் உயர்ந்ததைக் கொடுத்தால் அதுவும் இப்படித்தான் ஆகும்.

கர்த்தருக்குச் சிறந்தது வேண்டாமா?

இங்கே ஒரு தம்பி எழுந்து கேட்பார்: "ஐயா, விலையேறப்பெற்ற தைலத்தை மரியாள் இயேசுவின் பாதத்தில் ஊற்றினாளே? தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் பார்த்தவன் யூதாஸ் அல்லவா?" நியாயமான கேள்வி. சிக்கனம் பேசுகிற எல்லாரும் பரிசுத்தவான்கள் இல்லை. ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி அந்தத் தைலம். ஆண்டவர் அதை வீண்செலவு என்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஊற்றின தைலம் மரியாளிடம் திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் அவள் அதைப் பூசிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கவில்லை. நாம் கர்த்தருக்கென்று வாங்குகிற கிட்டாரோ ஆராதனை முடிந்ததும் நம் தோளிலேயே வீட்டுக்கு வருகிறது. படம் எடுத்துப் போடுகிறோம், இன்னொருவர் தொட்டால் முகம் சுளிக்கிறோம். மெய்யாகவே கர்த்தருக்கென்று வாங்கியிருந்தால், அதை சபையில் வைத்துவிட்டு, வசதியில்லாத வீட்டுப் பிள்ளை அதில் படிக்க நம்மால் சம்மதிக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள், நானும் உங்களோடு கடைக்கு வருகிறேன். முடியாது என்றால், "எனக்காக வாங்குகிறேன்" என்று உண்மையைச் சொல்லி வாங்குங்கள். சொந்தத்துக்கு வாங்குவது தவறில்லை. தனக்கு வாங்கிவிட்டு அதன்மேல் கர்த்தருடைய நாமத்தை ஒட்டுவதுதான் தவறு.

டேவிட் கில்மர் என்ற பேர்பெற்ற கிட்டார்காரர் 1970-ல் நியூயார்க்கில் ஒரு கறுப்பு ஃபெண்டர் கிட்டார் வாங்கினார். பல ஆண்டுகள் அதன் கழுத்தை, பிக்கப்பை, ஸ்விட்சை மாற்றி மாற்றித் தன் கைக்கு ஏற்றதாக ஆக்கினார். 2019-ல் அதையும், சேர்த்து வைத்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட கிட்டார்களையும் ஏலம் விட்டார். கறுப்புக் கிட்டார் மட்டும் ஏறக்குறைய 40 லட்சம் டாலர். மொத்தம் 2 கோடி டாலருக்கு மேல் வந்ததை ஓர் அறநிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். இத்தனை கிட்டார் ஒருவருக்கு எதற்கு என்று நாம் கேட்கலாம். ஆனால் கை திறந்ததே, அதையும் பார்க்கவேண்டும். நம்மிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதைப் பிடித்திருக்கிற கை திறக்குமா?

மரத்தையும் மனுஷனையும் மறவாதிருங்கள்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரேத் என்று ஓர் ஊர் உண்டு. பேர்பெற்ற மார்ட்டின் கிட்டார்கள் உண்டாவது அங்கேதான். பிரேசில் நாட்டு மரம் கிடைப்பது அரிதானதால், 1969-ல் அந்தக் கம்பெனி இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் மெதுவாக வளருகிற மரம். இங்கே வெட்டு மிகுந்து, தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைக் காப்பாற்ற 1994-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. "என் கிட்டார்" என்று சொல்லும்போது, நமக்கு முன்பே ஒரு மலையும் ஒரு தலைமுறையும் அதற்குக் கொடுத்திருக்கின்றன என்பதை நினைக்கவேண்டும்.

கடைசியாக, நம் பெந்தெகொஸ்தே ஜனத்தில் பிறந்த ஒரு சகோதரியின் காரியம். ரோசெட்டா தார்ப், 1915-ல் அமெரிக்காவில் ஒரு கறுப்பின ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தாயார் ஊழியக்காரி. சிறு பிள்ளையாகவே சபையில் கிட்டாரோடு பாடினார். 1938-ல் இரவு விடுதி மேடைகளில் அந்தப் பாட்டுகளைப் பாடினபோது சபையார் பலர் மனம் கசந்தார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரை அவர் வாசித்த விதத்தைப் பின்பு வந்த எத்தனையோ பேர் படித்துக்கொண்டார்கள். 1964-ல் மான்செஸ்டரில் பழைய ரயில் நிலையத்தில் வெள்ளைக் கிட்டாரோடு அவர் நின்று பாடின காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. 1973-ல் மரித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கல்லறையில் பெயர்க்கல் இல்லை! 2008-ல் ஒரு இசைக்கூட்டம் நடத்திப் பணம் சேர்த்த பின்புதான் கல் வைக்க முடிந்தது.

அவர் மேடையில் பிடித்த கிட்டார் எந்த ரகம் என்று லட்சம் பேர் சொல்லுவார்கள். வாசித்த சகோதரி படுத்திருக்கும் இடத்தைத் தேடினவர் எத்தனை பேர்? ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்னது இதுதானே! ஓசை இனித்தது, யோசேப்பின் நோவு மறந்துபோயிற்று.

சபையாரே, ஞாயிறு தோறும் நமக்காக வாசிக்கிற தம்பி சாப்பிட்டானா, காலேஜ் ஃபீஸ் கட்டினானா, அவன் வீட்டில் கடன் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? கிட்டாருக்கு உறை வாங்கிக் கொடுத்த நாம், அவன் குளிரில் வந்தானா என்று பார்த்தோமா? தம்பிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அக்கா நகை அடகில் இருக்கும்போது, அப்பா வட்டிக்கு ஓடும்போது தவணைக்கு எடுக்கிற கிட்டாரில் எந்த கார்டு பிடித்தாலும் சுருதி சேராது.

ஆகையால் அடுத்த முறை ஆசை வரும்போது, ஒரு மாதம் இருக்கிறதை நன்றாகத் துடைத்து, சுருதி சேர்த்து, தினமும் வாசியுங்கள். மாதம் முடிந்தும் கை அதையே கேட்டால், வீட்டாரோடு உட்கார்ந்து பேசி நிம்மதியாக வாங்குங்கள். கண் மட்டும்தான் கேட்டிருந்தால், அதற்குள் அது வேறொன்றைக் கேட்க ஆரம்பித்திருக்கும்.

கர்த்தர் தாமே உங்கள் கைகளையும், கைகளின் கிரியையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.