கொள்ளையர் தலைவன் கேட்ட கேள்வி

இமாம் கஸ்ஸாலி (1058–1111) இளமையில் ஜுர்ஜானில் ஓதிவிட்டுத் தூஸ் நகருக்குத் திரும்பும் வழியில் கொள்ளையரிடம் அகப்பட்ட கதை நம்மவர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். மற்றதெல்லாம் போகட்டும், பாடக் குறிப்புகளை மட்டும் தந்துவிடுங்கள், அவை உங்களுக்கு உதவாதவை என்று அவர் பின்னாலேயே போய் மன்றாடினாராம். தலைவன் சிரித்தானாம். தாளைப் பறித்ததும் பறிபோய்விடுகிற ஒன்றை உமது அறிவு என்று எப்படிச் சொல்வீர் என்று கேட்டுவிட்டு, குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தானாம். இமாம் ஊர் போய் மூன்று ஆண்டுகள் இருந்து அவை முழுவதையும் மனனம் செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

கதை சொல்பவர்கள் மனனத்தின் மகிமையோடு நிறுத்திக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிமுக்கு அது அத்தோடு நிற்பதில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. 1990 ஒக்டோபர் 30 அன்று எம்மவர்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில், சில நூறு ரூபாயோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். காணி உறுதிகளே மிஞ்சாத இடத்தில் கொப்பிகள் எம்மாத்திரம்? திருப்பிக் கொடுக்கும் கொள்ளையன் எங்களுக்கு வாய்க்கவில்லை. அப்படியானால் இந்த மண்ணில் இருந்துகொண்டு ஒருவன் குறிப்புகளைச் சேர்ப்பது எதற்காக? சப்பாத்துப் பெட்டிகளில் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிற என்னால் இக்கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை.

துண்டுப் பெட்டியென்றால் ஜேர்மனியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமனைத்தான் (1927–1998) இன்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏறத்தாழ 90,000 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். ஒரு துண்டில் இன்னொன்றின் இலக்கத்தைக் குறித்து வைப்பதால் எங்கெங்கோ கிடக்கும் எண்ணங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். தம்மோடு உரையாடி வியப்பூட்டும் கூட்டாளி என்று அப்பெட்டியைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்ததும் 1981இல்தான். அங்கே ஒருவர் பெட்டியோடு உரையாடிய ஆண்டில் இங்கே நூலகம் எரிந்தது.

லூமனின் இலக்கங்களை நானும் எடுத்துக்கொண்டேன். ஆனால் தொடர்பு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தது நமது ஹதீஸ் கலை. இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்ற சங்கிலி இல்லாமல் முஹத்திஸ்கள் ஒரு செய்தியைக் கையில் எடுக்கமாட்டார்கள். சங்கிலியில் ஒருவர் விடுபட்டால் செய்தியின் தரமே இறங்கிவிடும். ஒரு கருத்து யாரிடமிருந்து வந்தது என்பது அக்கருத்தின் பாகம். அது ஓர் அமானிதமும்கூட. ஆகவே என் துண்டுகளில் மேலே சொன்னவர் பெயர். நடுவில் என் வார்த்தையில் ஒரே ஒரு விஷயம். அடியில் எந்தத் துண்டோடு சேர்கிறது என்பதும், ஏன் சேர்கிறது என்று ஒரு வரியும். இந்த ஒரு வரிதான் கஷ்டம். சில நாட்களில் ஒரு மணித்தியாலம் இருந்தும் வராது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். இது புவியியல் பாடத்துக்காக எழுதிய துண்டு. தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்ற அபூதாவூதின் ஹதீஸ் வேறொரு பெட்டியில் இருந்தது. பக்கத்துக் காணியில் பெரிய மோட்டர் வந்தபிறகு தன் கிணறு உவர்த்துப்போனது என்று ஒரு தோட்டக்காரர் சொன்னது மூன்றாவது துண்டு. மூன்றையும் மேசையில் வைத்து அந்த ஒரு வரியை எழுதப் போனபோதுதான் கேள்வி பிறந்தது. மதில் என்னுடையது, கிணறு என்னுடையது, மதிலுக்குக் கீழால் ஓடுகிற தண்ணீர் யாருடையது? இந்தக் கேள்வி மூன்று துண்டுகளில் எதிலும் இருக்கவில்லை.

கொள்ளையனுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். துண்டுகளை நீ கொண்டுபோகலாம். அவை முதலிலேயே என்னுடையவை அல்ல; புவியியலாளருடையவை, அறிவிப்பாளர்களுடையவை, தோட்டக்காரருடையவை. அவற்றைச் சேர்த்து ஏன் என்று எழுதிய உழைப்பு என்னை மாற்றிவிட்டது. கிணற்றடியில் நின்று வுழூச் செய்கிறபோது பெட்டி என் பக்கத்தில் இல்லை, கேள்வி இருக்கிறது.

கஸ்ஸாலியிலும் இதையே காண்கிறேன். மனனம் செய்த அந்த ஜுர்ஜான் குறிப்புகளுக்காக இன்று யாரும் அவரை நினைப்பதில்லை. பிற்காலத்தில் எழுதிய இஹ்யாவில், நாற்பது நூல்களை நான்கு பாகங்களாக்கி, சுத்தத்தின் சட்டத்தையும் உள்ளத்தின் அழுக்கையும் ஒரே இடத்தில் பேசினாரே, அதற்காக நினைக்கிறோம். மனனமும் ஒரு பெட்டிதான். முதுமை அதையும் திறந்து கொட்டிவிடும்.

நமது பிள்ளைகள் டியூட்டரியில் சொல்லச்சொல்ல எழுதிய நோட்ஸ்களைக் கட்டுக்கட்டாகச் சுமக்கிறார்கள். முத்துமுத்தான எழுத்து, சிவப்புமையில் அடிக்கோடு. அதில் ஓரிடத்திலாவது ‘ஏன்’ என்று பிள்ளையின் கைப்பட எழுதியிருக்கிறதா என்று தேடிப்பார்க்கிறேன். சோதனைக்கு அது தேவையில்லைதான். இப்போது தொலைபேசிச் செயலிகள் குறிப்புகளைத் தாமே இணைத்தும் காட்டுகின்றன. காட்டட்டும். ஏன் இணைகிறது என்ற வரியையும் அவையே எழுதித் தந்தால், கொள்ளையனின் சிரிப்பு நியாயமாகிவிடும்.

அமானிதம் என்றேன். தோட்டக்காரருடைய வார்த்தை என் கட்டுரைக்குள் போகுமுன் அவரிடம் துண்டை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “சரிதான் மாஸ்ரர், அப்பிடித்தான் சொன்னனான்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மோட்டர் மட்டுமில்லை, அங்காலை இருந்த குளத்தையும் மண் போட்டு நிரப்பிப்போட்டாங்கள். அதையும் எழுதுங்கோ” என்றார். குளத்துக்கு ஒரு புதுத் துண்டு வெட்டியிருக்கிறேன். மேலே அவர் பெயர் இருக்கிறது; அடியில் அந்த வரியை இன்னும் எழுதவில்லை.