ஏழு ரூபாயும் எல்லைச்சாமியும்

என் சித்தப்பா எங்கள் குலசாமிக்குச் சாமியாடி. பரவையைச் சுற்றியுள்ள ஊர்களில் அவர் கையால் திருநீறு வாங்காத குடும்பம் குறைவு. நாகமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் புஞ்சை வரப்பில் நான் மரக்கன்று வைத்திருப்பதைக் கேள்விப்பட்டு ஒருநாள் பார்க்க வந்தார். கன்றுகளை ஆடு கடிக்காமல் இருக்கச் சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றி நட்டிருந்தேன். முள்ளை விலக்கி, ஒரு வேங்கைக் கன்றின் தூரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏய்யா, கன்னுக்கு ஏழு ரூவா தர்றாகளாம்ல? அப்ப இது புண்ணியத்துல சேருமா, சம்பளத்துல சேருமா?"

நான் பரவை காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை. எதையும் வரவு, செலவு என்று எழுதிப் பழகியவன். அன்று பேரேட்டை மூடிய பிறகும் அந்தக் கேள்வி மூடவில்லை.

ஏழு ரூபாய் உண்மைதான். வேளாண் நிலங்களில் மரம் பெருக வேண்டும் என்று தமிழக அரசு 2021-22இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் அது. உழவன் செயலியில் பதிந்தால் கன்று இலவசம். வரப்பு ஓரம் என்றால் ஹெக்டேருக்கு 160, நிலம் முழுக்க என்றால் 500. இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை, உயிரோடு நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு ஏழு ரூபாய் ஊக்கத்தொகை. செத்த கன்றுக்குக் காசு கிடையாது.

சித்தப்பா வளர்ந்த உலகம் வேறு. மதுரைக்கு வடகிழக்கே இடையபட்டியில் வெள்ளிமலையாண்டியின் கோயில்காடு இருக்கிறது. அங்கே சுள்ளி ஒடிப்பதற்கும் கை கூசும். நத்தம் பக்கம் காசம்பட்டி வீரன் கோயில்காட்டை 2025இல் அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பரப்பு 4.97 ஹெக்டேர்தான். ஆனால் எந்தத் திட்டமும் ஊக்கத்தொகையும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நின்ற காடு அது. கிளையை ஒடித்தால் கண் போகும் என்ற பயமே காவல். காசுக்குக் காக்கும் மரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பேசலாமா என்பதுதான் அவர் கேள்வியின் சாரம்.

அவருக்குப் பதில் தேடும்போது எனக்கு ஏணிச்சேரி முடமோசியார் நினைவுக்கு வந்தார். புறநானூற்றில் ஆய் அண்டிரனைப் பாடும் அவர், இந்தப் பிறவியில் கொடுத்ததை அடுத்த பிறவியில் வசூலித்துக்கொள்ளும் வியாபாரி அல்லன் இவன் என்கிறார். சான்றோர் போன வழி என்பதால் மட்டுமே ஆய் கொடுத்தானாம். அந்தத் தராசில் நிறுத்தால், புண்ணியம், சம்பளம் என்று சித்தப்பா பிரித்த இரண்டு பத்தியும் ஒன்றாகிவிடுகிறது. புண்ணியத்துக்கு நட்டாலும் கூலிக்கு நட்டதுதான்; பட்டுவாடா ஆகும் இடம்தான் வேறு. கண் போகுமே என்று கையை மடக்கிக்கொள்வதும் நஷ்டத்துக்குப் பயந்த கணக்குதானே?

அதற்காகக் கணக்கு பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் முன்னோர்கள் சாமி காரியத்தையும் ஊர்க் காரியத்தையும் வெறும் பக்தியை நம்பி விட்டதில்லை. பூசாரிக்கு மானிய நிலம் விட்டார்கள். கண்மாய்த் தண்ணீரைப் பிரித்துவிடும் நீர்பாய்ச்சிக்குக் களத்திலேயே நெல் அளந்தார்கள். மானியம் வாங்கியதால் பூசாரி காட்டிய தீபாராதனை செல்லாது என்று யாரும் சொன்னதில்லை. என் வரப்பில் மரம் நின்றால் மழையில் மண் கரைந்து கண்மாய்க்குப் போவது குறையும். தண்ணீர் நின்று இறங்கும். அந்த ஈரம் பக்கத்துக் கிணற்றுக்கும் போகும். நிழலால் விளைச்சல் குறைந்தால் அந்த நஷ்டம் மட்டும் எனக்கு. பலன் பலருக்கு, பாரம் ஒருவனுக்கு என்னும்போது ஊர் தன் பங்கைக் கொடுப்பது நியாயம். தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா நடத்தும் நமக்கு இது புரியாதது அல்ல. நகரத்தில் குழாயைத் திறந்து வைகைத் தண்ணீர் பிடிக்கிறவர், காசு எதிர்பார்க்காமல் காடு வளர்க்கும்படி சம்சாரிக்குப் புத்தி சொல்வதில்தான் எனக்கு அறம் தெரியவில்லை.

பயத்துக்கும் ஒரு குறை உண்டு. அது எல்லைக்கல்லோடு நின்றுவிடும். கோயில்காட்டில் சருகைக்கூட எடுக்கத் தயங்கிய அதே கை, எல்லைக்கு வெளியே வந்ததும் அரிவாளைத் தாராளமாக வீசியது. உள்ளே சாமி சொத்து, வெளியே என் பட்டா. சாமி தனக்கென்று ஒரு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை நம் இஷ்டத்துக்கு விட்டுவிட்டதாக நாமே முடிவு செய்துகொண்டோம்.

ஆனாலும் சித்தப்பா தொட்ட இடத்தில் ஒரு முள் இருக்கிறது. திட்டத்தில் நான் வாங்கியவை தேக்கு, வேங்கை, மகோகனி. எல்லாம் ஒருநாள் விலைக்குப் போகும் மரங்கள். நாளை பிள்ளை படிப்புக்கோ கல்யாணத்துக்கோ வெட்டத்தான் போகிறேன். அதில் குற்றம் இல்லை. ஆனால் விலை வைத்துக் காத்த எதையும் அதைவிடப் பெரிய விலை அசைத்துவிடும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் அதைப் பார்த்தோம். 2022இல் அங்கும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. சமணர் படுக்கையும், பாண்டியர் காலத்துக் குடைவரையும், லகார் வல்லூறும் உள்ள மலை. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்டார்கள். சனங்கள் திரண்டு மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. டங்ஸ்டனுக்கு விலை உண்டு. அந்த மலைக்கு விலை கேட்டு அவர்கள் நடக்கவில்லை, அது விற்பனைக்கு இல்லை என்று சொல்ல நடந்தார்கள்.

கோயில்காட்டு மரம் என்றைக்கும் என்னுடையது அல்ல. அதை வெட்டாமல் இருப்பது கீழ்ப்படிதல். என் பட்டாவில் நிற்கும் மரத்தை வெட்ட எனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. இருந்தும் சிலவற்றை வெட்டுவதில்லை என்று நானே வகுத்துக்கொண்டால், அறம் அங்கேதான் தொடங்குகிறது. சாமி பார்க்கிறது என்பதோ அலுவலர் எண்ண வருவார் என்பதோ அதற்குத் தேவையில்லை.

ஆகவே கிழக்கு வரப்பு திட்டத்துக்கு. உதவி வேளாண்மை அலுவலர் வந்து எண்ணட்டும், படம் எடுக்கட்டும், பணம் வரட்டும். வாங்கிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. மேற்கு வரப்பில் இலுப்பையும் நாவலும் வைத்திருக்கிறேன். அவற்றைச் செயலியில் பதியவில்லை; என் பேரேட்டிலும் ஏற்றவில்லை. எனக்குப் பிறகு நிலம் பிரியும்போது அந்த வரப்பு யார் பங்குக்குப் போனாலும் மரம் பங்கில் சேராது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். கேட்பார்களா என்பது அவர்கள் அறம்.