முப்பது விழுக்காட்டின் கணக்கு

1970இல் மலேசியக் கம்பெனிகளின் பங்குகளில் மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களிடம் இருந்தது 2.4 விழுக்காடுதான். சீனரே எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு. உண்மையில் 60 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டாரிடம், பெரும்பாலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளிடம் இருந்தது. 1969 மே 13 கோலாலம்பூர் இனக்கலவரத்துக்குப் பிறகு, 1971இல் துன் அப்துல் ரசாக் அரசு புதிய பொருளாதாரக் கொள்கையை அறிவித்தது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது, இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்ற நிலையை மாற்றுவது என அதற்கு இரண்டு நோக்கங்கள். 1990க்குள் பூமிபுத்ராக்களின் பங்கு 30 விழுக்காடாக வேண்டும் என்பது இலக்கு.

வறுமை வெகுவாகக் குறைந்தது. தீபகற்ப மலேசியாவில் 1970இல் ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் ஏழைகள். 1990இல் சுமார் 15 விழுக்காடு. ஆனால் இந்தப் பெருமை முழுவதையும் இந்தக் கொள்கை கொண்டுவந்த பூமிபுத்ரா ஒதுக்கீட்டுக்குக் கொடுக்க முடியாது. பெட்ரோலியமும் செம்பனையும் பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலைகளும் அதே காலத்தில்தான் நாட்டைத் தூக்கிவிட்டன. ஒதுக்கீட்டின் தெளிவான சாதனை பல்கலைக்கழகத்தில் தெரிந்தது: ஒரே தலைமுறையில் மலாய் மருத்துவர்களும் பொறியாளர்களும் கொண்ட நடுத்தர வர்க்கம் உருவாயிற்று.

பங்குக் கணக்குதான் சிக்கலானது. 1990இல் பூமிபுத்ரா பங்கு 19 விழுக்காட்டை ஒட்டி நின்றது. சீனர் பங்கு குறையவில்லை, கூடியது. சுருங்கியது வெளிநாட்டார் பங்கு. இந்தியர்களுடையதோ 1970இல் இருந்தது போலவே 1 விழுக்காடு. 1975இன் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டம் தொழில் உரிமத்தோடு பூமிபுத்ரா பங்கு நிபந்தனைகளையும் சேர்த்தது. பெயர் ஒரு மலாய்க்காரருக்கு, வியாபாரம் ஒரு சீனருக்கு என்ற 'அலி பாபா' கம்பெனிகள் முளைத்தன. உரிமத்தை விற்றுக் காசு பார்த்தவருக்குத் தொழில் கற்கும் தேவையே வரவில்லை. 1985இல் பொருளாதாரம் சரிந்தபோது அரசே நிபந்தனைகளைத் தளர்த்தியது.

வெளிநாட்டார் பங்கு சுருங்கிய விதத்துக்கு ஓர் உதாரணம்: 1981 செப்டம்பர் 7 அன்று, அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், லண்டன் பங்குச்சந்தையில் சில மணி நேரத்திலேயே கத்ரி தோட்டக் கம்பெனியைக் கைப்பற்றியது. இலக்கின் கண்ணோட்டத்தில் பெரிய வெற்றி; காலனியக் கம்பெனி நாட்டுக்குத் திரும்பியது, நியாயமும்கூட. ஆனால் அத்தகைய தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய தமிழருக்கு முதலாளி மாறினாரே தவிர, லயத்து வீடும் கூலியும் மாறவில்லை.

ஏழைகளாக இருந்தும் இந்தத் தோட்டத் தமிழர்கள் ஏன் கொள்கையின் கண்ணில் படவில்லை? கணக்கு இனவாரியாக எடுக்கப்பட்டது. நகரத்து வழக்கறிஞரும் மருத்துவரும் தோட்டத் தொழிலாளியும் ஒரே 'இந்தியர்'. அந்த 'இந்தியரின்' சராசரி வருமானம் மலாய்க்காரரின் சராசரியைவிட மேலே இருந்தது. போதாக்குறைக்கு, தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் பலவும் அதன் எல்லையோடு நின்றுவிட்டன. பின்னர் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது, வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தவர்கள் பலர் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளில் போய் ஒண்டினார்கள்.